ஒருமனப்பட்ட சபை

கோரைப் பாயில் நெடுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால் காலில் வரி வரியாகத் தடம் விழும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தடத்தை விரலால் தடவிக்கொண்டே நேரத்தைப் போக்குவேன். தலைக்கு மேலே ஓடு காய்ந்துகொண்டிருக்கும், பெண்கள் பக்கத்திலிருந்து வாடத் தொடங்கிய மல்லிகையின் வாசம் வரும், வீட்டில் மூடி வைத்துவிட்டு வந்த ஆட்டுக்கறிக் குழம்பை நினைத்து வயிறு புலம்பும், பெரியவர்கள் மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஆராதனையும், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் முடிந்தபின் நடக்கும் அந்தப் பேச்சுக்கு "கூட்டம்" என்று பெயர். சங்கரன்கோவிலில் என் வயதுப் பிள்ளைகளெல்லாம் தேரடியில் ஓடிப் பிடித்து விளையாடிய நேரத்தில், சபைச் சுவருக்கு நீலம் அடிப்பதா மஞ்சள் அடிப்பதா என்ற விவாதத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். எதையும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்க்கும் என் புத்திக்கு அங்கேதான் விதை விழுந்திருக்க வேண்டும்.

எங்கள் சபை சின்னது. திருவேங்கடம் ரோட்டில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடம், பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மளிகைக் கடை என்று கடைத்தெருவை நம்பிப் பிழைத்த சில குடும்பங்கள், ஒரு போதகர். எங்களுக்கு மேலே ஆயர் கிடையாது, தலைமைச் சங்கம் கிடையாது, கேள்வி கேட்க யாருமே கிடையாது. போதகரை அழைப்பதும் அனுப்புவதும், திருவிருந்தில் யாரைச் சேர்ப்பது யாரை நிறுத்தி வைப்பது என்பதும், எல்லாமே கூட்டத்தில்தான் முடிவாகும். போதகர் காரியத்தைச் சொல்லுவார். சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும், சம்மதிக்காதவர்கள் உட்கார்ந்திருக்கலாம். ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா எழுந்து நிற்கும்போது, வீட்டில் பார்க்கிற அம்மாவைவிட இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றும்.

இதில் எங்கள் சபைக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. பாதிக்கு மேல் ஆட்கள் எழுந்துவிட்டால் மீதிப் பேரும் மெல்ல எழுந்துவிடுவார்கள். தோற்றவர்கள் என்று யாரையும் பாயில் விட்டுவிடக் கூடாதாம், கர்த்தருடைய சபையில் இரண்டு கட்சி இருக்கக் கூடாதாம். எல்லோரும் நின்றபின் போதகர், "இந்தக் காரியத்தில் சபை ஒருமனப்பட்டது" என்று அறிவிப்பார். மஞ்சள் வேண்டும் என்று தொண்டை கட்டப் பேசிய மளிகைக் கடைக்காரரே கடைசியில் நீலத்துக்கு எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்போது அது எனக்கு ரொம்ப அழகாகத் தெரிந்தது, இப்போதும் முழுக்க அழகில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒரு கோடை விடுமுறையில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார்கள். அந்தப் பக்கத்துச் சபைகள் சில சேர்ந்து ஒரு மூப்பர் மன்றம் அமைத்திருந்தன. ஒவ்வொரு சபையும் தனக்கு மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கும். அதன்பிறகு காரியங்களை மூப்பர்களே பேசி முடிப்பார்கள். மூப்பர்களில் சிலர் மன்றத்தில் உட்காருவார்கள். சபையில் தீராததை மன்றம் தீர்க்கும், போதகரையும் மன்றமே அனுப்பும். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சபையை ஆளுவது எல்லா விசுவாசிகளுமா, தெரிந்தெடுத்த மூப்பர்களா என்ற இந்த வழக்கு கடல் கடந்த நாடுகளில் பல நூறு வருடங்களாக நடக்கிறது, இதற்காக சபைகள் உடைந்திருக்கின்றன, மனிதர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அந்தக் கோடையில் அது எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நடந்த வழக்கு, அவ்வளவுதான்.

அப்பா மன்றத்தின் கட்சி. பாத்திரக் கடை வைத்திருந்தவர், அளவாகப் பேசுகிறவர், அண்டா அண்டாவுக்குள் அடங்குவதைப்போல எல்லாவற்றுக்கும் மேலே அதைவிடப் பெரியது ஒன்று இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. "ஒத்தையில நிக்கிற சபை ஒரு தப்பு செஞ்சிட்டா, இது தப்புன்னு சொல்ல யாரு இருக்கா? மேல ஒரு இடம் வேணும்" என்பார். அம்மா அடுப்படியிலிருந்தே பதில் சொல்லுவாள். "கடையில எனக்கு ஒரு கேள்வி இருக்கா? ஊருக் கூட்டத்துல பொம்பளைக்கு ஒரு கேள்வி இருக்கா? இங்கன ஒரு இடத்துலதான் நான் எந்திச்சா அது எண்ணிக்கையில வருது. அதையும் நாலு ஆம்பளைக கையில குடுத்துட்டு நான் பாயைப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

இந்த வழக்கில் இழுபட்டது என் சாயங்கால வேத வாசிப்பு. எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி ஒரு தகராறைத் தீர்த்து, மற்ற சபைகளுக்குச் சொல்லியனுப்பிய இடத்தை வாசிக்கச் சொல்லி அப்பா கேட்பார். வாசித்து முடித்ததும், பார்த்தாயா, மேலிடம் இருந்திருக்கிறது என்பதுபோல விட்டத்தைப் பார்ப்பார். அம்மா விடமாட்டாள், இன்னும் கொஞ்சம் கீழே வாசி என்பாள். கீழே போனால் அந்த முடிவில் மூப்பரோடு சபையார் அனைவரும் சேர்ந்திருந்ததாக வரும். ஒரே அதிகாரத்தில் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டிருக்க, எனக்குத்தான் தொண்டை காய்ந்துபோகும்.

அப்பாவின் கடைக்கு அடுத்த விதைக் கடை அண்ணாச்சி, கோமதி அம்மன் சன்னதியைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர், இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டு அப்பாவைச் சீண்டினார். "எங்க கோயில் கதையில பாம்பு ரெண்டும் சிவனா பெருமாளா பெருசுன்னு அடிச்சுக்கிட்டதுக்கு, சாமியே பாதிப் பாதியா வந்து தீத்து வச்சிட்டாரு. உங்க சண்டைய யாரு வந்து தீக்கதாம் அண்ணாச்சி?" அப்பா அலட்டிக்கொள்ளாமல், "எங்க சண்டையே அதான் அண்ணாச்சி, யாரு தீக்கணுங்கதுதான்" என்றார். அப்பா வாழ்நாளில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சிரிப்பெல்லாம் கிருபை சித்தி வந்த நாளோடு நின்றுபோனது. சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. எங்கள் சபையிலேயே பெரிய குடும்பமான ஜவுளிக் கடை செல்லத்துரை அண்ணாச்சியின் தம்பிக்கு, திருவேங்கடத்துக் கிளைக் கடையைப் பார்த்துக்கொண்டவருக்குத்தான் அவளைக் கொடுத்திருந்தது. ஒருநாள் காலை திருவேங்கடத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தவள் திரும்பிப் போகவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைவாரிவிடும்போது அவளுடைய வலது கை உயரவில்லை, இடது கையாலேயே சீப்பைப் பிடித்து வாரினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன நடந்தது என்று கேட்டால் சித்தி, "என்னால அங்கன இருக்க முடியல அக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

கணவனைப் பிரிந்து இருக்கிறவர்கள் அதற்கான காரணத்தைச் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும், சபை ஏற்றுக்கொண்டால்தான் திருவிருந்தில் பங்கு என்பது எங்கள் சபையின் ஒழுங்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சபையில் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் சித்தப்பாவும் செல்லத்துரை அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கடையில் வேலை பார்க்கிறவர்கள், கடனுக்குத் துணி எடுக்கிறவர்கள், சம்பந்தம் பண்ணியவர்கள் என்று பாயில் பாதிப் பேர் அவர்களுடைய ஆட்கள். சித்தி பெண்கள் பக்கத்து ஓரத்தில் எழுந்து நின்றாள். போதகர் மென்மையாகத்தான் கேட்டார், அவர் கெட்டவர் இல்லை. சித்தி முதல் வரிசையை ஒருதரம் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள், கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்குப் பேச்சுரிமை இருந்த இடத்தில்தான் அவளால் பேச முடியாமல் போனது. இதை யோசிக்காமல் என்னால் இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் உட்கார முடிவதில்லை.

பதில் வராததால் போதகர் காரியத்தைச் சபைக்கு முன் வைத்தார். கிருபை கணவன் வீட்டுக்குத் திரும்புகிறவரை திருவிருந்திலிருந்து நிறுத்தி வைக்கச் சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம். செல்லத்துரை அண்ணாச்சி எழுந்தார், அவருக்குப் பின்னால் ஒரு பகுதி எழுந்தது, பாதியைத் தாண்டியதும் வழக்கம்போல மற்றவர்களும் எழுந்தார்கள். அப்பாகூட எழுந்துவிட்டார்; பழகிய கால்கள் அப்படித்தான். அம்மா மட்டும் எழவில்லை.

சபை முழுவதும் நிற்க ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒன்று அதுவரை நடந்ததே இல்லை. போதகர் காத்திருந்தார், எல்லோரும் காத்திருந்தார்கள். வயதானவர்கள் கால் மாற்றி நின்றார்கள், ஒரு குழந்தை அழுதது, பக்கத்தில் நின்ற பெண்கள் குனிந்து அம்மாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்கள். அம்மா பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அப்போது ஆண்கள் பக்கத்தில் அப்பா, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, திரும்ப உட்கார்ந்தார். அப்பாவின்மேல் எனக்கு அந்த நிமிடம் வந்த பிரியத்தை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும்.

போதகர் தடுமாறிப்போனார். இதை எப்படி முடிப்பது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே முடிவை எடுத்தார். இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறத் தொடங்கினார். ஆசீர்வாதத்துக்கு எழுந்து நிற்பது எங்களுக்கெல்லாம் பால்குடி மறந்த நாளிலிருந்து வந்த பழக்கம். அந்தக் குரல் கேட்டதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நின்றாள். அப்பாவும் எழுந்தார். ஆமென் சொல்லி முடித்ததும், கண்ணைத் திறந்த போதகர் எல்லோரும் நிற்பதைக் கண்டார். அவருக்குப் பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். "இந்தக் காரியத்தில் சபை ஒருமனப்பட்டது" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் பாய்களைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அம்மா பின்னால் போய் அவரிடம் முறையிட்டதற்கு, எழுந்தீர்களே சகோதரி, சபை பார்த்ததே என்றாராம். வீட்டுக்குப் போகும் வழியில் பூ மார்க்கெட்டைத் தாண்டிக்கொண்டிருந்தோம். சித்தி எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். "இத யாருட்டங்க போய்ச் சொல்லணும்?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அவர் கோடை முழுவதும் பேசியிருந்தார். அன்று அதைச் சொல்லவில்லை. தன் கட்சி ஜெயித்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த மனிதரை நான் அப்பாவுக்குப் பிறகு அதிகம் சந்திக்கவில்லை.

மன்றத்தில் சேருவதா வேண்டாமா என்ற கேள்வி ஆடி மாதக் கூட்டத்துக்கு வந்தது. ஆடித்தபசுக்கு ஊர் நிரம்பி, ஒலிபெருக்கிப் பாட்டு சபைக்குள்ளும் கேட்டுக்கொண்டிருந்தது. சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் அப்பாவும் ஆண்களில் சிலரும் எழுந்தார்கள். செல்லத்துரை அண்ணாச்சி எழவில்லை. பாதிச் சபை கைக்குள் இருக்கிறவருக்கு மேலிடம் எதற்கு? பெண்கள் எல்லோரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், வேண்டாம் என்று அத்தனை நாளும் அவர்களைத் திரட்டி வைத்தவள் அவள்தான். அம்மா எழுந்தாள்.

போதகருக்கு ஆச்சரியம். "சகோதரி, விளங்கித்தான் எழும்புறீங்களா? இதுக்கு எழும்பினா இனிமே இந்தக் கூட்டமே கிடையாது."

"விளங்கித்தான் எந்திச்சேன் ஐயா" என்றாள் அம்மா. "போன மாசம் நான் ஆசீர்வாதத்துக்கு எந்திச்சதைத்தான் நீங்க எண்ணிக்கிட்டீங்க. இதையும் சேத்து எண்ணிக்கோங்க. என் தங்கச்சிக்குப் பேச ஒரு இடம் வேணும்."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள், பாதியைத் தாண்டியதும் மற்ற ஆண்களும். எழுந்து நின்று முடிவுசெய்யும் தன் உரிமையை அம்மா எழுந்து நின்றே கொடுத்துவிட்டாள்.

சித்தி மன்றத்துக்கு மனுப் போட்டாள். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட அறையில், எங்கள் ஊரைச் சேராத சில மூப்பர்களுக்கு முன்னால், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் எல்லாவற்றையும் சொன்னாளாம். கதவைச் சாத்தியிருந்தார்கள், மூப்பர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் தன்னால் பேச முடிந்தது என்று சித்தி பின்னாளில் சொல்லியிருக்கிறாள். அவளைத் திரும்ப அனுப்பச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, திருவிருந்தில் அவளுக்குப் பங்குண்டு என்று முடிவு வந்தது. அந்த மாதம் சித்தி அப்பத்தை வாங்கக் கை நீட்டியபோது அழுதது சித்தியில்லை, அம்மா.

அந்த ஒரு நீதிக்குக் கொடுத்த விலையை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டோம். முதல் ஞாயிறுகளில் சீக்கிரம் வீட்டுக்கு வந்தோம். அப்பா மூப்பரானார், மூப்பர் கூட்டம் முடிந்து வருகிறவரிடம் என்ன முடிவாயிற்று என்று அம்மா கேட்டால், அறிவிப்பில் வரும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அம்மா தட்டை வைக்கிற சத்தத்தில் அவளுடைய அபிப்பிராயம் இருக்கும். எது சரி என்று என்னை யாராவது கேட்டால், எல்லோரும் பேசலாம் என்ற இடத்தில் பேச முடியாதவளையும் பார்த்தேன், சிலர் மட்டும் பேசலாம் என்ற இடத்தில் பேச ஆசையிருந்தும் தட்டைக் கழுவியவளையும் பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். இரண்டு முறையிலும் மனிதர்கள்தான் உட்காருகிறார்கள்.

அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் மதுரையில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் கட்டடம், பாய்களுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பாட்டு வரிகளுக்கு வெள்ளைத் திரை. இந்தச் சபையில் ஒருகாலத்தில் பெண்கள் எழுந்து நின்று போதகரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் வாலிபர்கள் கதை கேட்பதுபோலப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு போதகரை அண்மையில் மன்றம் வேறு ஊருக்கு மாற்றியது. அறிவிப்பில் ஒரு வரி வந்தது, பெண்கள் அழுதுகொண்டே வழியனுப்பினார்கள், அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவும் சித்தியும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுப் பிள்ளைகளைப்போல ஆராதனையிலும் இரண்டு நாற்காலி சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் நல்ல பிள்ளை. போன மாதம் என்னைத் தனியாக அழைத்து, அம்மாவுக்கு மூட்டு வலி அதிகம்போல இருக்கிறது அக்கா, ஆசீர்வாதத்துக்குக்கூட எழ முடியவில்லை, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். கை வைத்த நாற்காலி ஒன்றும் அவளுக்காக வாங்கிப் போட்டிருந்தார். பாடல்களுக்கு அம்மா எழுந்து நிற்பதை அவர் கவனித்திருக்கவில்லை. பூ மார்க்கெட்டுக்குத் தினமும் நடந்து போய் வருகிறவள் அவள். சித்தியைத் திருவிருந்திலிருந்து நிறுத்திய அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஒரே ஒரு ஆசீர்வாதத்துக்குக்கூட அம்மா எழுந்ததில்லை என்பது எங்கள் வீட்டில் மட்டும் தெரிந்த விஷயம்.

அன்று சாயங்காலம் போதகர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கடவுளுடைய ஆசீர்வாதத்துக்கு இன்னுமா உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பருகில் நின்ற சித்தி திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கரண்டி நின்றது.

"நான் எதுக்கு உக்காந்திருக்கேன்னு ஆண்டவருக்குத் தெரியும் மக்கா" என்றாள் அம்மா. "மத்தவங்களுக்கு மூட்டு வலின்னே இருக்கட்டும்."